ஊர்க்கார அண்ணையின் கடையில் வேலை: சம்பளப் பாக்கியைக் கேட்டால் விசாவுக்கு ஆபத்தா?

கிழக்கு லண்டனில் இருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

2023 ஒக்டோபரில் கணவரின் துணையாக விசா பெற்று யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவர். 2024 செப்டெம்பரில் கணவரின் ஊர்க்காரர் ஒருவருடைய பலசரக்குக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். கிழமையில் ஐந்து நாள், காலை ஆறரைக்கு ஷட்டர் திறப்பதில் இருந்து பின்னேரம் மூன்றரை வரை. பாண் வண்டி வந்தால் தட்டுகளை இறக்கிவைத்து, நேரம் போட்டுத் துண்டில் கையெழுத்து வைப்பதும் அவர்தான். மதியச் சாப்பாடு கல்லாவுக்குப் பின்னால், ஆட்கள் வந்துபோகும்போதே. முதல் இரண்டு கிழமை 'ட்ரெயினிங்' என்று சம்பளமே இல்லை. அதன்பின் கிழமைக்கு 350 பவுண். அதில் 15 மணித்தியாலத்துக்கான பணம் பேஸ்லிப் என்ற சம்பளச் சீட்டோடு வங்கிக்குப் போகும். மீதி வெள்ளிக்கிழமை ஒரு கவரில் வரும். ஒப்பந்தம் என்று ஒரு தாளும் தரவில்லை. லீவு கேட்டபோது, "கடையில லீவு எண்டு ஒண்டும் இல்லைப் பிள்ளை, வராட்டிச் சம்பளம் இல்லை" என்று பதில். கல்லாவில் காசு குறைகிறது என்று இரண்டு தடவை 40 பவுண் கழித்திருக்கிறார்கள்.

ஜனவரியில் துணிந்து சம்பளத்தைக் கூட்டித் தரக் கேட்டிருக்கிறார். முதலாளி சொன்னது: "நீ எங்கட வீட்டுப் பிள்ளை மாதிரி எண்டுதான் வேலை தந்தனான். கணக்குப் பாக்கிறதெண்டால் நானும் பாப்பன். கையில வாங்கின காசுக்கு நீ வரி கட்டினனியோ? ஹோம் ஒஃபிசுக்கு ஒரு போன் போதும்." (ஹோம் ஒஃபிஸ் என்பது விசா கொடுக்கும் அரசுத் துறை.)

கணவர் டெலிவரி ஓட்டுகிறார். வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு உதவிப்பணமான யுனிவர்சல் கிரெடிட்டும் கொஞ்சம் வருகிறது. அதில் மனைவியின் வருமானமாகப் பேஸ்லிப்பில் உள்ள தொகையை மட்டுமே காட்டியிருக்கிறார்கள். 2026 ஜூலையில் விசா புதுப்பிக்க வேண்டும். "29,000 பவுண் வருமானம் எங்களால் காட்ட முடியாது. இவரின் அம்மாவும் கடைக்கார அண்ணையின் அம்மாவும் ஊரில் ஒரே ஒழுங்கையில் இருக்கிறார்கள். இந்தச் சம்பளத்துக்கு நானும் ஒத்துக்கொண்டுதானே போனேன். எழுத்தில் ஒன்றும் இல்லை. வழக்கென்று போனால் ஆயிரக்கணக்கில் செலவாகும் என்கிறார்கள். பேசாமல் விட்டுவிடவா?" என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

விட்டுவிடாதீர்கள். ஆனால் நாளைக் காலை கடைக்குப் போய்ச் சண்டையும் பிடிக்காதீர்கள். உங்கள் கடிதத்தில் பெரிய ஓர் உரிமையும் உண்மையான ஒரு சிக்கலும் பின்னிக் கிடக்கின்றன. உரிமை நீங்கள் நினைப்பதைவிடப் பலமானது. சிக்கலும் இருக்கிறது, ஆனால் அது உங்கள் முதலாளி பயமுறுத்தும் இடத்தில் இல்லை. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற ஒழுங்கைப் பிடித்துக்கொண்டால் இரண்டையும் சமாளிக்கலாம்.

ஒத்துக்கொண்டது உங்களைக் கட்டாது

குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் 1998இல் நிறைவேறியது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் மணிக்கு 3.60 பவுண் என்று நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டத்தின் 49ஆம் பிரிவு, குறைந்த சம்பளத்துக்கு வேலை செய்கிறேன் என்று ஒருவர் வாயால் சொன்னாலும் எழுதிக் கொடுத்தாலும் அந்த உடன்பாடு செல்லாது என்கிறது. வேலை தேவைப்படுகிறவர் எதற்கும் தலையாட்டுவார் என்பது பாராளுமன்றத்துக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் அந்தக் கதவை அடைத்தார்கள். "நானும் சம்மதித்தேனே" என்ற குற்ற உணர்வை இந்த இடத்திலேயே இறக்கி வைத்துவிடுங்கள்.

எழுத்தில் ஒப்பந்தம் இல்லாததும் உங்கள் குறை அல்ல. 2020 ஏப்ரல் 6 முதல், வேலை தொடங்கும் முதல் நாளே வேலை நேரம், சம்பளம், லீவு எல்லாவற்றையும் எழுதித் தரவேண்டியது முதலாளியின் கடமை. நீங்கள் வேலை செய்தீர்கள், அவர் சம்பளம் தந்தார். ஒப்பந்தம் அங்கே இருக்கிறது. தாள் தராததற்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். மற்ற உரிமைகளுக்கான வழக்கில் நீங்கள் வென்றால், இந்தத் தாளைத் தராததற்காக இரண்டு முதல் நான்கு கிழமைச் சம்பளம் வரை மேலதிகமாகக் கிடைக்கும்.

"வீட்டுப் பிள்ளை மாதிரி" என்ற பேச்சுக்கும் சட்டத்தில் இடமில்லை. குடும்பத்தவர் என்ற விலக்கு, முதலாளியின் குடும்பத்தைச் சேர்ந்தவராய், அவருடைய வீட்டிலேயே குடியிருந்து, அந்தக் குடும்பத்தின் தொழிலில் பங்கெடுப்பவருக்குத்தான். ஊர்ச்சொந்தம் அதற்குள் வராது.

கணக்கைப் பாருங்கள்

ஒன்பது மணித்தியாலம், ஐந்து நாள், மொத்தம் 45. சாப்பாட்டு நேரத்தைக் கழிக்கவில்லையா என்று கேட்பீர்கள். கல்லாவை விட்டு அசைய முடியாமல், ஆள் வந்தால் கரண்டியை வைத்துவிட்டுப் பில் போடுவது வேலை நேரம். உண்மையில் ஆறு மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்பவருக்கு, வேலையிடத்தை விட்டு எழுந்து போகக்கூடிய 20 நிமிட இடைவேளையாவது தரவேண்டும். அதுவும் உங்களுக்குக் கிடைக்கவில்லை.

21 வயதுக்கு மேற்பட்டவருக்கு 2024 ஏப்ரல் முதல் மணிக்கு 11.44 பவுண். 2025 ஏப்ரல் முதல் 12.21. 2026 ஏப்ரல் முதல் 12.71. 12.21 என்ற விகிதத்தில் 45 மணித்தியாலத்துக்கு 549.45 பவுண் வரவேண்டும். வங்கியிலும் கவரிலும் வந்த எல்லாவற்றையும் சேர்த்து நீங்கள் பெற்றது 350. ஒவ்வொரு கிழமையும் 199.45 பவுண் குறைகிறது. முந்திய ஆண்டு விகிதத்தில் கிழமைக்கு 164.80 குறைந்தது. சம்பளமே தராத அந்த முதல் இரண்டு கிழமைக்கு மட்டும் 1,029.60. இந்த மாதம் வரை கூட்டினால் 14,800 பவுணை ஒட்டி வருகிறது. பழைய பாக்கியை இன்றைய உயர்ந்த விகிதத்துக்கு மாற்றித்தான் தரவேண்டும் என்ற விதியும் இருப்பதால், இது இன்னும் சற்றுக் கூடும். நீங்கள் கடிதத்தில் "ஒரு ஆயிரம், இரண்டாயிரம் இருக்குமோ" என்று எழுதியிருந்தீர்கள்.

நீங்கள் அனுப்பிய இரண்டு பேஸ்லிப் படங்களில் ஒன்றைக் கவனித்தேன். 2025 மார்ச்சில் கிழமைக்கு 171.60 என்று இருக்கிறது, ஏப்ரலில் 183.15. அரசு விகிதம் கூடியதும் காகிதத்தில் இருந்த தொகை ஒரு பென்ஸ் பிசகாமல் கூடியிருக்கிறது. அதே கிழமை கவரில் இருந்த காசு 178.40இல் இருந்து 166.85 ஆகக் குறைந்திருக்கிறது. மொத்தம் அதே 350. குறைந்தபட்சச் சம்பளம் எவ்வளவு என்று உங்கள் முதலாளிக்கு நன்றாகத் தெரியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். 15 மணித்தியாலம் என்ற எண்ணும் தற்செயலாக வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆண்டுக்கு 10,000 பவுணுக்கு மேல் சம்பளம் காட்டினால் உங்களை ஓய்வூதியத் திட்டத்தில் சேர்த்து அவரும் பங்கு கட்டவேண்டும். 183.15 என்றால் ஆண்டுக்கு 9,523.80. அந்தக் கோட்டுக்குக் கீழேயே நிற்கிறது.

லீவு வேறு கணக்கு. ஆண்டுக்கு 5.6 கிழமை சம்பளத்தோடு லீவு, கடையிலும் உண்டு, தொழிற்சாலையிலும் உண்டு. லீவே இல்லை என்று முதலாளி மறுத்திருந்தால், எடுக்காத நாட்களில் நான்கு கிழமை வரை ஆண்டு முடிந்ததும் அழிந்துபோகாமல் அடுத்த ஆண்டுக்கு வரும். வேலையை விடும்போது பணமாகக் கேட்கலாம். கல்லாக் குறைவுக்குக் கழித்த 80 பவுணும் அப்படித்தான்: முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வாங்காமல் கழிக்கக் கூடாது. சம்மதம் இருந்தாலும் கடை ஊழியரிடம் ஒரு சம்பள நாளில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கை வைக்க முடியாது.

கவரில் வந்த காசு

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். இதை மெல்ல வாசியுங்கள். கணவரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பளத்தில் வருமான வரியும் நேஷனல் இன்சூரன்சும் பிடித்துக் கட்டும் கடமை முதலாளியுடையது. முழு நேரத்தைக் காட்டாமல் பொய்ப் பதிவு வைப்பது குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின் 31ஆம் பிரிவின்படி குற்றம். ஆகவே "நீ வரி கட்டினனியோ" என்று கேட்பவர் முதலில் தன்னைத்தான் காட்டிக்கொடுக்கிறார். ஆனாலும் உங்கள் பக்கம் சுத்தம் என்று நான் பூசி மெழுக மாட்டேன். காசு கணக்கில் வராமல் கிடைக்கிறது என்று உங்களுக்கும் தெரிந்திருந்தது. சில சந்தர்ப்பங்களில் வரித் திணைக்களம் ஊழியரிடமும் கேட்கலாம். வேலைத் தகராறுகளை விசாரிக்கும் தொழில் தீர்ப்பாயத்திலும் முதலாளியின் வழக்கறிஞர், இது சட்டவிரோத ஏற்பாடு, இவரும் பங்காளி, ஆகவே கேட்க உரிமை இல்லை என்று வாதிடுவார். நீதிமன்றங்கள் அந்த வாதத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பதில்லை. ஏற்பாட்டைச் செய்தவர் யார், லாபம் யாருக்குப் போனது, கோரிக்கையை மறுத்தால் சட்டத்தின் நோக்கமே கெட்டுப்போகுமா என்றெல்லாம் பார்ப்பார்கள். உச்ச நீதிமன்றம் 2014இல் ஹௌங்கா எதிர் ஆலன் வழக்கில், வேலை செய்ய அனுமதியே இல்லாத ஒரு நைஜீரிய இளம்பெண்கூட, வீட்டு வேலையில் தனக்கு நேர்ந்த பாகுபாட்டுக்கு இழப்பீடு கேட்கலாம் என்றது. உங்களுக்கோ வேலை செய்ய முழு அனுமதி இருக்கிறது. இருந்தாலும் இந்த வாதம் வரும் என்று எதிர்பார்த்தே போகவேண்டும்.

எனக்கு அதிகம் கவலை தருவது யுனிவர்சல் கிரெடிட். உங்கள் விசாவில் அரசு உதவிப்பணம் பெறத் தடை இருப்பதால் கணவர் தனி ஆளாக விண்ணப்பித்திருப்பார். அது சரிதான். ஆனால் அந்தக் கணக்கில் மனைவியின் உழைப்பு வருமானத்தையும் பார்ப்பார்கள். உழைத்த ஒவ்வொரு பவுணுக்கும் 55 பென்ஸ் என்ற அளவில் உதவித்தொகை குறையும். கவர்க் காசைச் சொல்லாததால் உங்களுக்குக் கூடுதலாக வந்திருக்கலாம். வந்திருந்தால் திருப்பிக் கட்டவேண்டும். வேண்டுமென்றே மறைத்ததாக நினைத்தால் தண்டமோ வழக்கோ வரவும் வாய்ப்புண்டு. அவர்கள் கண்டுபிடிக்கும் முன் நீங்களே போய்ச் சொல்வதற்கும், அவர்கள் கண்டுபிடித்த பின் சொல்வதற்கும் மிகப் பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஆனால் தனியாகப் போய்ச் சொல்லாதீர்கள். சிட்டிசன்ஸ் அட்வைஸ் நிலையத்திலோ பகுதியில் உள்ள லா சென்டரிலோ உதவிப்பணம் தெரிந்த ஒருவரை முதலில் பாருங்கள். அங்கே நீங்கள் சொல்வது இரகசியமாக இருக்கும். பணமும் கேட்க மாட்டார்கள்.

முதலாளி கையில் இருக்கும் ஒரே பிடி இதுதான். நீங்களே முன்வந்து இதைச் சரிசெய்துவிட்டால் அவர் யாருக்குப் போன் செய்தாலும் சொல்வதற்குப் புதிதாக ஒன்றும் இருக்காது.

விசா பற்றிய பயம்

கணவரின் துணையாக வந்தவர் எந்த வேலையும், எத்தனை மணித்தியாலமும் செய்யலாம். சம்பளப் பாக்கி கேட்டதற்காக ஒருவரின் விசாவை ரத்துச் செய்யும் விதி எதுவும் இல்லை. "ஹோம் ஒஃபிசுக்கு ஒரு போன்" என்ற பேச்சு, வந்து சில வருடமே ஆன எங்கள் பெண்களின் வாயை அடைக்க இந்த நாட்டில் திரும்பத் திரும்பப் பயன்படும் மிரட்டல். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. தாங்களும் ஒரு காலத்தில் கையில் கடதாசி இல்லாமல் பயந்து வாழ்ந்தவர்களே அதைச் சொல்வதுதான் அதிகம் வலிக்கிறது.

29,000 பற்றி: அந்தத் தொகை 2024 ஏப்ரல் 11 முதல் புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்கு. அதற்கு முன்பே இந்த விசாவுக்கு விண்ணப்பித்து, அதே துணைவருடன் புதுப்பிப்பவர்களுக்குப் பழைய 18,600 பவுண்தான். நீங்கள் 2023இல் வந்தவர். புதுப்பிக்கும்போது உங்கள் இருவரின் வருமானத்தையும் சேர்த்துக் காட்டலாம். இந்த ஒரு தகவலாவது இன்று உங்களை நிம்மதியாகத் தூங்கவைக்கும் என்று நம்புகிறேன்.

ஆனால் பேஸ்லிப்பும் வங்கிக் கணக்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். கவர்க் காசு அங்கே எண்ணப்படாது. சட்டப்படி சம்பளம் தந்திருந்தால் உங்கள் ஒருவரின் வருமானமே ஆண்டுக்கு 28,500 பவுணைத் தாண்டியிருக்கும். காகிதத்தில் இருப்பது 9,523.80. முதலாளி உங்களிடம் இருந்து எடுத்தது காசு மட்டும் அல்ல, விசாவுக்குக் காட்டவேண்டிய ஆதாரத்தையும்தான். இந்த நிலையில், முழு நேரத்தையும் காட்டாத பேஸ்லிப் என்று தெரிந்துகொண்டே அதை எப்படிச் சமர்ப்பிப்பது என்பதைக் குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரிடம் கேட்காமல் விண்ணப்பத்தை நிரப்பாதீர்கள். விண்ணப்பத்தில் உண்மையை மறைத்தால் வரும் கேடு, பணம் குறைவதால் வருவதைவிடப் பெரிது. சொலிசிட்டரிடம் போங்கள், இல்லையென்றால் இமிகிரேஷன் அட்வைஸ் ஒதோரிட்டி என்ற அரச அமைப்பில் பதிவுபெற்ற ஆலோசகரிடம் போங்கள். கோயிலில் சந்தித்த, "எல்லாம் நான் செய்து தாறன்" என்பவரிடம் வேண்டாம்.

இப்போதே சேர்க்கவேண்டியவை

குறைந்தபட்சச் சம்பள வழக்கில் ஒரு நல்ல விஷயம் உண்டு. சட்டப்படியான சம்பளத்தைக் கொடுத்தேன் என்று காட்டவேண்டிய பொறுப்பு முதலாளியின் தலையில் இருக்கிறது. ஆனாலும் அவர் "15 மணித்தியாலம்தான் வந்தவ" என்று சாதிப்பார். அதற்கு எதிராக உங்களிடம் நீங்கள் நினைப்பதைவிட நிறைய இருக்கிறது. சமையலறைக் காலண்டரில் தினமும் எழுதிவைத்த நேரங்கள். காலை ஐந்தே முக்காலுக்கு பஸ் ஏறிய கான்டாக்ட்லெஸ் கார்டின் பதிவு. கணக்குத் திறந்து அந்தப் பயண வரலாற்றை இப்போதே தரவிறக்கி வையுங்கள், பழையவை அழிந்துபோகும். "நாளைக்குக் கொஞ்சம் வெள்ளனத் திற பிள்ளை" என்று முதலாளி அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள். பாண் இறக்கியபோது நீங்கள் கையெழுத்து வைத்த துண்டுகளில் திகதியும் நேரமும் இருக்கும். அவற்றின் பிரதி பேக்கரியிடம் இருக்கும். பின்னர் கேட்டுப் பெற முடியும். கடையின் தாள்களை எடுத்துக்கொண்டு வராதீர்கள், உங்கள் கைக்கு வந்தவற்றை மட்டும் படமெடுத்து வையுங்கள்.

கவரில் எவ்வளவு வந்தது என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். மேலே நான் போட்ட கணக்கில் அதையும் கழித்துத்தான் இருக்கிறேன். உங்களுக்கு வந்ததை வந்தது என்று சொல்பவரின் பேச்சை நீதிபதி நம்புவார்.

உங்கள் வேலை நேரப் பதிவுகளைக் காட்டும்படி முதலாளியிடம் எழுத்தில் கேட்கும் உரிமையும் உண்டு. 14 நாளுக்குள் காட்டாவிட்டால் தீர்ப்பாயம் குறைந்தபட்ச விகிதத்தின் 80 மடங்கைத் தரச் சொல்லலாம். 12.21 என்ற விகிதத்தில் 976.80 பவுண். ஆனால் அந்தக் கடிதம் போன நாளே எல்லாம் வெளிச்சமாகிவிடும். மற்ற ஆயத்தங்கள் முடியும் வரை அதைக் கையில் வைத்திருங்கள்.

கடையில் இன்னொரு மாணவனும் இப்படியே வேலை செய்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அவனைக் கேட்காமல் அவன் பெயரை எங்கும் எழுதாதீர்கள். பல்கலைக்கழக மாணவர் விசாவில் படிப்புக் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். உங்களுக்கு இல்லாத ஆபத்து அவனுக்கு இருக்கிறது.

எந்த வழியில் போவது

மூன்று வழிகள் உண்டு. முதலாவது, அரசிடம் முறையிடுவது. 2026 மார்ச் வரை வரித் திணைக்களமான எச்.எம்.ஆர்.சி. இதைப் பார்த்து வந்தது. 2026 ஏப்ரலில் இருந்து ஃபேர் வொர்க் ஏஜென்சி என்ற புதிய அமைப்புக்கு இந்தப் பொறுப்பு உரியது. பெயர் சொல்லாமலும் முறையிடலாம். ஆறு ஆண்டு வரை பின்னோக்கிப் பார்ப்பார்கள். பாக்கியோடு அதன் இரு மடங்கு வரை, ஓர் ஊழியருக்கு உச்சமாக 20,000 பவுண், தண்டமும் போடலாம். செலவில்லை. ஆனால் நாள் எடுக்கும். கடிவாளம் உங்கள் கையில் இருக்காது. லீவுப் பணத்தை எச்.எம்.ஆர்.சி. பார்த்ததில்லை.

இரண்டாவது, தொழில் தீர்ப்பாயம். "ஆயிரக்கணக்கில் செலவு" என்று உங்களிடம் சொன்னவர்கள் பழைய கதையைச் சொல்கிறார்கள். 2013இல் அரசு கட்டணம் வைத்தது, சில வழக்குகளுக்கு 1,200 பவுண் வரை. வழக்குகளின் எண்ணிக்கை மளமளவென்று விழுந்தது. யூனிசன் தொழிற்சங்கம் அதை எதிர்த்துப் போய், 2017 ஜூலை 26 அன்று உச்ச நீதிமன்றத்தில் வென்றது. நீதிமன்றக் கதவைத் தட்ட முடியாத சாதாரண மனிதனுக்குச் சட்டத்தில் உரிமை இருந்தும் பயனில்லை என்பதே அந்தத் தீர்ப்பின் அடிப்படை. அன்றிலிருந்து கட்டணம் இல்லை. தோற்றாலும், நியாயமற்ற முறையில் நடந்துகொள்ளாதவரை, எதிர்த்தரப்பின் செலவை நீங்கள் கட்டவேண்டி வருவது அரிது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டால் அவர்களே ஒழுங்கு செய்வார்கள். இந்த வழக்குகளுக்குப் பொதுவாக லீகல் எய்ட் என்ற அரசுச் செலவிலான சட்ட உதவி கிடைக்காது என்பதும் உண்மை. அதனால் லா சென்டரிலோ, கடை ஊழியர்களின் சங்கமான அஸ்டோவிலோ உதவி கேளுங்கள். சங்கத்தில் சேருமுன் நடந்த பிரச்சினையையும் பார்ப்பார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

தீர்ப்பாயத்துக்குப் போகுமுன் ஏகாஸ் என்ற அமைப்பிடம் பதியவேண்டும். அவர்களின் எண் இலவசம் அல்ல, ஆனால் சாதாரண அழைப்புக் கட்டணத்தில் பேசலாம்: 0300 123 1100. சமரச அதிகாரி ஒருவர் இரு தரப்போடும் தனித்தனியே போனில் பேசுவார். நீங்கள் முதலாளியின் முகத்தைப் பார்க்கவே தேவையில்லை. பல சம்பள வழக்குகள் இங்கேயே முடிந்துவிடும். ஊர்ப்பேச்சுக்குப் பயப்படும் உங்களுக்கு இன்னொன்றும் முக்கியம்: தீர்ப்பாயத்தின் தீர்ப்புகள் பெயரோடு இணையத்தில் வெளியாகும், ஏகாஸில் முடிந்தால் அப்படி வெளியாகாது. முதலாளிக்கும் இது தெரியும். அதனால் அவரும் இங்கேயே முடிக்க விரும்பலாம்.

மூன்றாவது, பெரியவர்களை வைத்துப் பேசுவது. உங்கள் மாமியார் இதைத்தான் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். எங்கள் சமூகத்தில் ஒரு மதிப்புள்ள மனிதர் நடுவில் இருந்தால் காசு வந்துசேர்வதும் உண்டு. ஆனால் இரண்டு விஷயம். பேச்சு நடக்கும்போது காலக்கெடு உங்களுக்காக நிற்காது. மற்றது, 3,000 பவுணைத் தந்துவிட்டு "இனிக் கேட்க மாட்டேன்" என்று வீட்டில் வைத்து எழுதி வாங்கினால், அந்தத் தாள் உங்கள் தீர்ப்பாய உரிமையைப் பறிக்காது. ஏகாஸ் மூலம் முடிந்தால், அல்லது தனியான சட்ட ஆலோசனை பெற்றுக் கையெழுத்திட்டால் மட்டுமே அது கட்டும். பயந்து கையெழுத்து வைத்தாலும் கதை முடிந்தது என்று நினைக்காதீர்கள்.

அந்தக் காலக்கெடுவைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்ல வழக்குகள் இதிலேதான் செத்துப்போகின்றன. கடைசியாகக் குறைவாகச் சம்பளம் தந்த நாளில் இருந்து மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவாக ஏகாஸில் பதிந்துவிட வேண்டும். உதாரணமாக, 2026 மார்ச் 27 வெள்ளிக்கிழமை கடைசிக் கவரை வாங்கினால் ஜூன் 26 கடைசி நாள். 2025 டிசம்பரில் நிறைவேறிய புதிய வேலைவாய்ப்புச் சட்டம் இதை ஆறு மாதமாக நீட்ட வழி செய்திருக்கிறது. அது நடைமுறைக்கு வரும் வரை மூன்று மாதம் என்றே எண்ணுங்கள். தொடர்ச்சியான குறைவுகளுக்குத் தீர்ப்பாயத்தில் இரண்டு ஆண்டு வரைதான் பின்னோக்கிக் கேட்கலாம். நீங்கள் சேர்ந்தது 2024 செப்டெம்பரில் என்பதால் 2026 செப்டெம்பருக்கு முன் தொடங்கினால் முழுவதையும் கேட்கலாம்.

கேட்டதற்காக வேலையை விட்டு நிறுத்தினால்? இரண்டு ஆண்டு வேலை செய்யாதவரை நிறுத்தினால் கேள்வியே இல்லை என்று உங்களிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். பொதுவாக அது சரி. ஆனால் குறைந்தபட்சச் சம்பளம் கேட்டதற்காக நிறுத்துவது முதல் நாளில் இருந்தே சட்டவிரோதம். மிரட்டுவதும் வேலை நேரத்தைக் குறைப்பதும்கூட அப்படியே. அது தனி வழக்காகும். இருந்தாலும் உங்கள் வீட்டு நிலைக்கு, சட்டத்தில் வெல்வதைவிட அடுத்த கிழமை வாடகை கட்டுவது அவசரம். ஆகவே என் ஆலோசனை இந்த ஒழுங்கில் இருக்கிறது: இந்த மாதத்துக்குள் உதவிப்பண ஆலோசகரையும் குடிவரவுச் சட்டத்தரணியையும் பாருங்கள். கூடவே வேறு வேலை தேடுங்கள், முழு மணித்தியாலமும் பேஸ்லிப்பில் வரும் வேலையாக. ஜூலைக்கு அதுவே உங்களுக்குப் பெரிய உதவி. அது கிடைத்ததும் இந்தக் கடையை விட்டு விலகி, அன்றே ஏகாஸில் பதியுங்கள். அதற்கிடையில் முதலாளி மறுபடி மிரட்டினால், அன்று இரவே திகதி போட்டு அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதி வையுங்கள்.

கணவருக்கும் ஒரு வார்த்தை. ஊரில் ஒரே ஒழுங்கையில் இரண்டு தாய்மார் முகம் திருப்பிக்கொள்வார்களே என்ற உங்கள் சங்கடம் எனக்கு விளங்குகிறது. ஆனால் ஒன்றரை வருடமாக விடிய முன் எழும்பிப் போய் வந்தது உங்கள் மனைவி. கேட்பதா விடுவதா என்று அவர் முடிவெடுக்கட்டும். ஆலோசகரிடம் போகும் நாளில் நீங்கள் கூடப் போங்கள். யுனிவர்சல் கிரெடிட் உங்கள் பெயரில் இருப்பதால் நீங்கள் இல்லாமல் அந்தப் பேச்சு முடியாது. போகும்போது இருவரின் கடைசி ஆறு மாத வங்கிக் கணக்கு, எல்லாப் பேஸ்லிப்புகள், யுனிவர்சல் கிரெடிட் ஜேர்னலின் படங்கள், அந்தச் சமையலறைக் காலண்டர் எல்லாவற்றையும் ஒரே பையில் எடுத்துச் செல்லுங்கள்.